தேதி இல்லாத பத்திரிகை!

அது ஒரு மாதப் பத்திரிகை. விலை அரை டாலர். அட்டையில் சினிமா நடிகை மர்லின் மன்றோ கையை உயர்த்திச் சிரிக்கிறார். பத்திரிகையின் பெயர் இருக்கிறது. விலை இருக்கிறது. தேதி மட்டும் இல்லை!

அச்சகத்தார் மறந்துவிட்டார்களா? இல்லை. வேண்டும் என்றேதான் தேதி போடவில்லை. அடுத்த இதழ் வருமா, வராதா என்பது பத்திரிகை நடத்தியவருக்கே சந்தேகமாக இருந்தது!

அந்தப் பத்திரிகைதான் "பிளேபாய்". 1953 டிசம்பரில் அமெரிக்காவில் சிகாகோ நகரில் வெளிவந்தது. நடத்தியவர் ஹியூ ஹெப்னர். அப்போது அவருக்கு வயது 27. முதல் இதழ் சுமார் 54 ஆயிரம் பிரதிகள் விற்றது.

வாங்கியவர்களில் பலர் பார்த்தார்கள், சிரித்தார்கள், குப்பையில் போட்டார்கள். இன்று அதே இதழ் கசங்காமல் கிடைத்தால், ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது!

இப்படிப்பட்ட பழைய பத்திரிகைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். சேர்ப்பதோடு அவர்கள் நிற்பதில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறார்கள்.

"இது என்ன வேலையற்ற வேலை? இதையெல்லாம் காப்பாற்றித்தான் தீர வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விஷயத்தை முழுக்கத் தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள்.

குண்டூசி தந்த பெயர்

இந்தப் படங்களுக்கு ஆங்கிலத்தில் "பின்-அப்" என்று பெயர். குண்டூசியால் சுவரில் குத்தி வைக்கும் படம் என்பது பொருள். இரண்டாவது உலகப் போரின்போது இந்தச் சொல் எங்கும் பரவியது.

வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருந்த சிப்பாய்கள், கூடாரத்திலும் கப்பல் அறையிலும் அழகிகளின் படங்களைக் குத்தி வைத்தார்கள். ராணுவமே நடத்திய "யாங்க்" என்ற வாரப் பத்திரிகை, இதழ்தோறும் ஓர் அழகியின் படத்தைப் போட்டது!

நடிகை பெட்டி கிரேபிள் நீச்சல் உடையில், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் படம் ஒன்று உண்டு. 1943-ல் எடுத்த படம். அது 50 லட்சம் பிரதிகள் அச்சானதாகக் கணக்குச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் இந்தத் துறையில் பெரிய பத்திரிகை "எஸ்கொயர்". 1933-ல் தொடங்கியது. எர்னஸ்ட் ஹெமிங்வே போன்ற பெரிய எழுத்தாளர்கள் அதில் எழுதினார்கள். பக்கத்தைப் புரட்டினால் ஆல்பர்ட்டோ வார்கஸ் என்ற ஓவியர் வரைந்த அழகிகள் சிரிப்பார்கள்.

இன்னொரு பக்கம் ராபர்ட் ஹாரிசன் என்பவர். நியூயார்க்காரர். 1941-ல் "பியூட்டி பரேடு" என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். அடுத்தடுத்து "ஐபுல்", "டிட்டர்", "விங்க்" என்று பல பத்திரிகைகள். விலை கால் டாலர். பீட்டர் டிரிபன் என்ற ஓவியர் மஞ்சளும் சிவப்புமாகப் பளிச்சென்று அட்டைப்படம் வரைந்து கொடுத்தார். உள்ளே நீச்சல் உடைப் படங்களும் கோமாளித்தனமும்தான். 1950-களின் நடுவில் அவையெல்லாம் நின்று போயின.

கோர்ட்டுக்குப் போன வழக்கு

இந்தப் படங்களை எல்லாரும் ரசித்துவிடவில்லை. 1943 டிசம்பரில் அமெரிக்கத் தபால் இலாகாவின் தலைவர் "எஸ்கொயர்" பத்திரிகைக்குக் கொடுத்திருந்த தபால் கட்டணச் சலுகையை ரத்து செய்தார். பொதுமக்களின் நலனுக்கு உதவாத பத்திரிகை என்பது அவர் வாதம். சலுகை போனால் பத்திரிகைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் கூடுதல் செலவு!

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1946 பிப்ரவரியில் நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். எது நல்ல ரசனை, எது கெட்ட ரசனை என்று பார்த்துச் சலுகை கொடுக்கும் அதிகாரம் தபால் இலாகாவுக்கு இல்லை என்பது தீர்ப்பு. "எஸ்கொயர்" வென்றது.

வேடிக்கையைப் பாருங்கள். அந்தப் பத்திரிகைக்காக வார்கஸ் வரைந்த மூல ஓவியங்கள் பல, 1980-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு காலத்தில் தபாலில் போகத் தகுதி இல்லை என்று சொன்ன படங்கள், இப்போது பேராசிரியர்கள் பாடம் நடத்தும் பொருள்!

பத்திரிகைகள் எங்கே போயின?

லட்சக்கணக்கில் அச்சான பத்திரிகைகள் ஏன் கிடைப்பதில்லை?

முதல் காரணம், போர். காகிதத் தட்டுப்பாடு வந்தது. வீடு வீடாகப் பழைய காகிதம் சேகரித்தார்கள். அதில் பழைய பத்திரிகைகளும் கூழாகின.

இரண்டாவது காரணம், கத்தரிக்கோல். படத்தைச் சுவரில் ஒட்டுவதற்காகப் பக்கத்தை வெட்டிவிடுவார்கள். இன்று கிடைக்கும் பழைய இதழ்களில் நடுப்பக்கம் இல்லாதவை ஏராளம்.

மூன்றாவது காரணம், வெட்கம். பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பெரியவர் இறந்துவிடுவார். பிள்ளைகள் பெட்டியைத் திறப்பார்கள். அப்பாவின் பெயர் கெட்டுவிடுமே என்று இரவோடு இரவாகக் குப்பையில் சேர்த்துவிடுவார்கள். நூல்நிலையங்களும் இவற்றை வாங்கி வைக்கக் கூச்சப்பட்டன.

நான்காவது காரணம், பயம். நியூயார்க்கில் இர்விங் கிளா என்ற படவியாபாரி இருந்தார். "பின்-அப் ராஜா" என்றே அவருக்குப் பெயர். 1955-ல் செனட் சபையின் விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டது. தொல்லைகள் தொடரவே, தன்னிடம் இருந்த நெகட்டிவ்களை அவர் அழிக்க முற்பட்டார். அவருடைய தங்கை பாலா, அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு பகுதியை எடுத்து ஒளித்து வைத்தார். இன்று எஞ்சி இருப்பவை அந்த அம்மாள் காப்பாற்றியவைதான்!

கூச்சப்படாமல் சேர்த்த இடமும் ஒன்று உண்டு. இந்தியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆல்பிரட் கின்சி 1947-ல் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் அது. ஆராய்ச்சிக்காக அவர் வெளிநாட்டில் இருந்து வரவழைத்தவற்றைச் சுங்க இலாகா பறிமுதல் செய்தது. வழக்கு நடந்தது. கின்சி 1956-ல் இறந்தார். மறு ஆண்டு அவர் நிலையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

காகிதத்துக்குள் எமன்

தப்பிப் பிழைத்த இதழ்களுக்கும் ஆயுள் கெட்டி இல்லை. எதிரி காகிதத்துக்கு உள்ளேயே இருக்கிறான்!

மலிவுக் காகிதம் மரத்தை அரைத்துச் செய்வது. மரத்தில் "லிக்னின்" என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். மை ஊறாமல் இருக்கப் படிகாரம் சேர்ப்பார்கள். அதனால் அமிலம் உண்டாகும். அமிலம் நாளடைவில் காகிதத்தின் நாரை அறுத்துவிடும். பிறகு பக்கத்தைத் தொட்டாலே அப்பளம் போல நொறுங்கும்.

வழுவழுப்பான காகிதம் என்றால் வேறு ஆபத்து. அதன் மேல் வெண்களிமண் பூச்சு இருக்கும். ஒரு தடவை நனைந்து காய்ந்தால், பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பலகையாகிவிடும். முதுகில் அடித்த கம்பிப் பின் துருப்பிடித்துச் சுற்றியுள்ள காகிதத்தையும் தின்னும்.

இருட்டு, குளிர்ச்சி, ஈரம் இல்லாத காற்று, அமிலம் இல்லாத அட்டை, பாலியெஸ்டர் உறை: இவை இருந்தால் அழிவைத் தள்ளிப் போடலாம். நிறுத்த முடியாது. அதனால்தான் கம்ப்யூட்டரை நாடுகிறார்கள்.

எப்படிப் படம் பிடிக்கிறார்கள்?

வீட்டில் பழைய பத்திரிகை இருந்தால், அதில் உள்ள போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். போட்டோ இருக்காது. வெறும் புள்ளிகள்தான் இருக்கும்! பெரியதும் சிறியதுமான புள்ளிகள் சேர்ந்துதான் நம் கண்ணுக்கு முகமாகத் தெரிகிறது.

ஸ்கேனரும் புள்ளி புள்ளியாகவே பார்க்கும். இரண்டு புள்ளிக் கணக்கும் மோதினால், படத்தில் பட்டுச் சேலையின் அலைபோல வேண்டாத வரிகள் தெரியும். அதனால் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் நுணுக்கமாகப் படம் பிடிக்கிறார்கள். பிறகு வேண்டுமானால் சிறியதாக்கிக் கொள்ளலாம்.

பக்கத்தின் பின்னால் கறுப்புக் காகிதம் வைப்பார்கள். இல்லாவிட்டால் மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கத்தில் நிழலாடும். கம்பிப் பின்னை மெதுவாகக் கழற்றிப் பக்கங்களைத் தனித்தனியாக எடுப்பவர்கள் உண்டு. பின்னைத் தொடாமல், மேலே காமிரா கட்டிப் படம் எடுப்பவர்களும் உண்டு. ஓர் இதழில் நடுப்பக்கம் இல்லையா? வேறு ஒருவரிடம் உள்ள கிழிந்த இதழில் அது இருக்கலாம். இரண்டு கிழிசல் சேர்ந்து ஒரு முழு இதழ் ஆகிவிடும்!

அழகியின் படத்தை மட்டும் எடுத்தால் போதாது. விளம்பரம், வாசகர் கடிதம், போட்டோகிராபரின் பெயர் அச்சான பொடி எழுத்து வரை எல்லாம் வேண்டும். கறையைக்கூட மூலப்படத்தில் அழிக்கக் கூடாது. அழகுபடுத்துவது எல்லாம் நகலில்தான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரு விஷயம் சொன்னால் புரியும். புத்தகங்களைக் கொளுத்தும் கொடுங்கோல் அரசைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய புகழ்பெற்ற நாவல் "பாரன்ஹீட் 451". அதைத் தொடராக வெளியிட்டது எது தெரியுமா? 1954 மார்ச் முதல் மே வரை வந்த "பிளேபாய்" இதழ்கள்! படத்தை மட்டும் வெட்டியவர்கள் இதைத்தான் குப்பையில் போட்டார்கள்.

இன்னொரு செய்தி. அமெரிக்க நாடாளுமன்ற நூல்நிலையம் 1970 முதல் இந்தப் பத்திரிகையைக் கண் தெரியாதவர்களுக்காக பிரெய்லி எழுத்தில் வெளியிட்டது. படமே இல்லாத "பிளேபாய்"! 1985-ல் அதற்குப் பணம் தர அரசியல்வாதிகள் மறுத்தார்கள். பார்வையற்றவர்கள் வழக்குப் போட்டு 1986-ல் வென்றார்கள்.

கம்ப்யூட்டருக்கும் ஆயுள் உண்டு

கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் கவலை விட்டதா? அதுவும் இல்லை.

2009-ல் "பிளேபாய்" நிறுவனம் பழைய இதழ்கள் சிலவற்றை இன்டர்நெட்டில் பார்க்க வசதி செய்தது. அதற்குப் பயன்படுத்திய மென்பொருள் "சில்வர்லைட்". 2021 அக்டோபரில் அந்த மென்பொருளைத் தயாரித்தவர்களே அதைக் கைகழுவிவிட்டார்கள். காகிதம் 60 ஆண்டு தாங்கியது. மென்பொருள் 15 ஆண்டுகூடத் தாங்கவில்லை!

ஆகவே அனுபவசாலிகள் மூன்று பிரதி வைக்கிறார்கள். இரண்டு வெவ்வேறு சாதனங்களில் வைக்கிறார்கள். ஒன்றை வேறு ஊரில் வைக்கிறார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும் நீண்ட எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். கோப்பில் ஓர் எழுத்து கெட்டாலும் அந்த எண் மாறிவிடும். திருடனைக் காட்டிக்கொடுக்கும் கைரேகை மாதிரி!

படத்தில் இருப்பவர் யார்?

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி இதுதான். படத்தில் இருக்கும் பெண் யார்? அவருக்கு என்ன கிடைத்தது?

மர்லின் மன்றோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949-ல் கையில் காசு இல்லாத நேரத்தில் ஒரு போட்டோகிராபர் முன் நின்றார். கூலி 50 டாலர். அந்தப் படம் காலண்டரில் வந்தது. ஹெப்னர் அதை 500 டாலருக்கு வாங்கித் தன் முதல் இதழில் போட்டார். பத்திரிகை கோடிக்கணக்கில் சம்பாதித்தது. மர்லினுக்கு அந்த 50 டாலரோடு சரி.

பெட்டி பேஜ் என்ற பெண்ணின் கதை இன்னும் உருக்கமானது. 1923-ல் பிறந்தவர். கல்லூரிப் பட்டதாரி. ஹாரிசனின் பத்திரிகைகளிலும் இர்விங் கிளாவின் படங்களிலும் அவர் முகம்தான் அதிகம். 1957-ல் திடீரென்று இந்தத் தொழிலை விட்டு ஒதுங்கிவிட்டார். பிறகு வறுமை, மனநோய், ஆஸ்பத்திரி வாசம்.

1980-களில் பழைய படங்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அவற்றை மறுபடி அச்சிட்டார்கள். பெட்டி பேஜுக்குத் திடீர்ப் புகழ் வந்தது. புத்தகம், பனியன், சுவரொட்டி என்று வியாபாரம் ஓகோ என்று நடந்தது. அவருக்கோ ஒரு காசும் வரவில்லை. 1990-களில்தான் விஷயம் தெரிந்து, உரிமைத் தொகை பெறத் தொடங்கினார். 2008 டிசம்பரில், 85-வது வயதில் இறந்தார்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. 1963 முடிய வெளியான பத்திரிகைகளின் உரிமையை 28-வது ஆண்டில் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அது பொதுச் சொத்து. புதுப்பித்திருந்தால் 95 ஆண்டு வரை மற்றவர்கள் தொடக் கூடாது. நேர்மையான சேகரிப்பாளர்கள் இதைப் பார்த்துத்தான் வெளியிடுகிறார்கள்.

ஆனால் படத்தில் சிரிக்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு காசும் வராது. அவருக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: அவர் பெயரை எழுதி வைப்பது. பெயரும் வருடமும் போட்டோகிராபர் விவரமும் முழு இதழில்தான் இருக்கும். வெட்டிய படத்தில் இருக்காது.

நூற்றுக்கணக்கான பெண்கள் அந்தப் பக்கங்களில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பலருடைய பெயர் யாருக்கும் தெரியாது. பக்கம் நொறுங்கிவிட்டால் தெரிந்துகொள்ளவும் வழி இல்லை.

இதைக் காப்பாற்றுவது வேலையற்ற வேலையா? நீங்களே சொல்லுங்கள்!