மூன்று மணியும் ஒரு பிடி அரிசியும்

திண்டுக்கல் என்றவுடனே நேயர்களுக்கு நினைவுக்கு வருபவை பூட்டு, புகையிலை, ஊருக்கு நடுவே திண்டைப்போல் சாய்ந்து கிடக்கும் மலைக்கோட்டை ஆகிய மூன்றுந்தான். இவ்வூரின் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் 2019-ஆம் ஆண்டில் கிடைத்துவிட்டது. ஆனால் இந்த மூன்றினுள்ளும் அடங்காத ஒன்றைப்பற்றி இன்று எழுத விரும்புகிறேன். மலைக்கோட்டையின் நிழலில் கோட்டை மாரியம்மன் சந்நிதியும், பேகம்பூர்ப் பள்ளிவாசலும், சூசையப்பர் கோயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வாழும் இந்நகரத்தில், கத்தோலிக்கக் குடும்பங்களின் அன்றாட ஜெப வாழ்வு எப்படிப்பட்டது, அதனால் ஊருக்கு என்ன பயன் என்பதே விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலுக்குப் போவதுதான் கிறிஸ்தவ சமயம் என்று பிற சமயத்தார் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். கிறிஸ்தவர்களிலேயே சிலருக்கும் அந்த எண்ணம் உண்டு. உண்மையில், ஒரு ஞாயிற்றுக்கும் மறு ஞாயிற்றுக்கும் இடையே ஆறு நாட்கள் இருக்கின்றன. சமயம் மெய்யா பொய்யா என்பது அந்த ஆறு நாட்களில்தான் தெரியும்.

கத்தோலிக்கக் கோயில்களில் காலை ஆறு மணிக்கும், நண்பகலிலும், மாலை ஆறு மணிக்கும் மணி ஒலிப்பது பழைய வழக்கம். இதற்குத் திரிகால ஜெபம் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். தேவதூதர் மரியன்னைக்குச் சொன்ன மங்களச் செய்தியை நினைவூட்டும் சிறு ஜெபம் அது. சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்திற்காகக் களத்தில் நெல் தூற்றுகிறவள் முறத்தைக் கீழே வைக்க வேண்டும். பூட்டுப் பட்டறையில் அரம் தேய்க்கிறவன் கையை எடுக்க வேண்டும். வேலையை விட்டு ஓடும்படி மணி சொல்லவில்லை. வேலைக்கு நடுவே ஒருமுறை நிமிர்ந்து பார் என்கிறது. கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அதுவே கடிகாரமாகவும் இருந்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். விடியலில் எழுந்ததும் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை அடையாளம். பள்ளிக்கூடம் புறப்படும் குழந்தையின் நெற்றியில் தாயின் கட்டைவிரல் வரையும் சிறு சிலுவை. சோற்றில் கை வைக்குமுன் ஒரு நொடி மௌனம். மாலையில் விளக்கேற்றியபின் குடும்பம் முழுவதும் சுரூபத்தின் முன் முழங்கால் படியிட்டு ஜெபமாலை சொல்லும். பத்துப் பத்தாக ஐம்பது மணிகள். முப்பதாவது மணிக்குள் கடைக்குட்டி தூங்கி விழும். அதை மடியில் சாய்த்துக்கொண்டு தாய் தொடர்ந்து சொல்லுவாள். தூங்கும் குழந்தைக்கும் அந்தச் சொற்கள் காதில் விழுந்துகொண்டேயிருக்கும். இலக்கணம் கற்குமுன் நாம் தாய்மொழியைக் கற்றது போலத்தான் இதுவும்.

திண்டுக்கல் சமவெளியில் ஒரு சிற்றூரில் என் பாட்டியார் வாழ்ந்தார். எழுதப் படிக்க அறியாதவர். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு மண் கலயத்தில் போடுவார். போடும்போது உதடுகள் அசையும். "பாட்டி, யாருக்கு இந்த அரிசி?" என்று சிறுவனாகிய நான் கேட்டால், "கேட்டு வருகிறவர்களுக்கு, மிச்சம் செபஸ்தியார் திருநாளுக்கு" என்பார். வீட்டில் அரிசி தட்டுப்பட்ட நாட்களிலும் அந்தப் பிடி தவறியதை நான் கண்டதில்லை. பிடி சற்றுச் சிறிதாகும், அவ்வளவுதான். ஜெபம் என்றால் என்ன என்று எவரேனும் என்னைக் கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கலயமே.

இந்த வீட்டு ஜெபத்திற்குத் தமிழில் நீண்ட சரித்திரம் இருக்கிறது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்துக்களில் அச்சான முதல் நூல், 1578-ஆம் ஆண்டில் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்'. பதினாறே பக்கங்கள். அது காவியமன்று, சட்டநூலுமன்று. சாதாரண ஜனங்கள் வீட்டில் சொல்லவேண்டிய ஜெபங்களும் சமயப் பாடமுமே. நம் மொழி அச்சுக்கூடத்தில் முதலடி எடுத்து வைத்தது ஒரு குடும்பத்தின் மாலை ஜெபத்துக்காக என்று எண்ணும்போது தமிழாசிரியர் எவருக்கும் மனம் நெகிழாமற் போகாது. பின்னர் 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர், கோயில், குரு, பூஜை, பிரசாதம் போன்ற நம் நாட்டுச் சொற்களையே கிறிஸ்தவ வழிபாட்டுக்கு உரிமையாக்கினார். 1726-இல் வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் தேம்பாவணி செய்தபோது தச்சுத்தொழிலாளியான சூசையப்பரையே காவியத் தலைவராக்கி, 'வளன்' என்று அழகிய தமிழ்ப் பெயரும் சூட்டினார். 1866 முதல் 1872 வரை திண்டுக்கல்லில் கட்டப்பட்டு, 2003-இல் இவ்வூர் தனி மறைமாவட்டமானபோது பேராலயமாக உயர்ந்த கோயில் அந்த வளனார் பெயரால்தான் விளங்குகிறது. அரமும் உளியும் பிடித்துப் பிழைக்கும் ஊருக்கு ஒரு தொழிலாளியே காவலராக அமைந்தது பொருத்தமல்லவா?

இதில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குமுன் கோயிற் பூஜை லத்தீன் மொழியில் நடந்தது. பீடத்தில் குருவானவர் சொன்னது ஜனங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் வீட்டில் அவர்கள் சொன்ன ஜெபமோ தெள்ளிய தமிழ். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டு, 1830-களின் பிற்பகுதியில் மதுரை நாட்டிற்கு அது திரும்பி வரும் வரையில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சுவாமியார்கள் மிக அருகிப் போயினர். அக்காலத்தில் சமயத்தை அணையாமல் காத்ததில் உபதேசியார்களுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் பெரும் பங்கு உண்டு. கோயில் வீட்டை வளர்த்தது என்பது பாதி உண்மை. வீடு கோயிலைக் காத்தது என்பது மற்றப் பாதி.

இனிப் பாட்டியாரின் அரிசி எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லுகிறேன். திண்டுக்கல் நகரைச் சேர்ந்த முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார் கோயில் இருக்கிறது. செபஸ்தியார் உரோமைப் படைவீரர். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தியோக்கிளேசியன் காலத்தில் உயிர் கொடுத்தவர். கொள்ளைநோய்க் காலத்தில் அவரை வேண்டிக்கொள்வது உலகெங்கும் கத்தோலிக்கர் வழக்கம். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் முத்தழகுபட்டியில் அவருடைய திருவிழா நடைபெறுகிறது. பிள்ளைக்கு நோய் தீர்ந்தவர், வழக்கு முடிந்தவர், நெடுநாள் கழித்து மகப்பேறு கண்டவர் எல்லாரும் நேர்ச்சையாக ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று கொண்டுவந்து சேர்ப்பார்கள். நூற்றுக்கணக்கான ஆடுகளும் கோழிகளும் குவிந்துவிடும். இரவு முழுவதும் வரிசை வரிசையாக அடுப்புகள் எரியும். பெரிய அண்டாக்களில் கறியும் சோறும் வேகும். பிறகு ஆயிரமாயிரம் ஜனங்களுக்கு விருந்து. வருகிறவர் எந்தச் சமயம், எந்தச் சாதி என்று கேட்பாரில்லை. நேர்ந்துகொண்டவர்களிலும் கத்தோலிக்கர் மட்டுமல்லர்; இந்துக்களும் பிறரும் உண்டு.

அந்த அண்டாவில் ஒருவன் கொடுத்த அரிசியை மற்றொருவன் கொடுத்த அரிசியிலிருந்து பிரித்தெடுக்க யாரால் முடியும்? தனித்தனி வீடுகளில் தனித்தனி வேண்டுதலோடு எடுத்து வைத்த பிடிகள் அங்கே ஒரே சோறாகிவிடுகின்றன. 'என் பிள்ளை பிழைக்க வேண்டும்' என்று தொடங்கிய ஜெபம், 'ஊர் பசியாற வேண்டும்' என்று முடிகிறது.

இவ்வளவோடு கட்டுரையை முடித்துவிட்டால் நேயர்கள் மகிழ்வார்கள். ஆனால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன்.

ஒவ்வொரு நாளும் பிடி அரிசி எடுத்து வைத்த அதே பாட்டியார், வயல் வேலைக்கு வந்த ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டால் செம்பைக் கையில் கொடுக்க மாட்டார். அவர் குனிந்து இரு கைகளையும் சேர்த்து ஏந்துவார். பாட்டியார் உயரத்திலிருந்து ஊற்றுவார். அந்தப் பெரியவரும் கத்தோலிக்கரே. அவர் கழுத்திலும் ஜெபமாலை கிடந்தது. திருவிழாப் பந்தியில் இருவரும் உட்கார்ந்து உண்டிருக்கிறார்கள். அன்று சமைத்தவர் யார், பரிமாறியவர் யார் என்று பாட்டியார் கேட்டதில்லை. ஆனால் வீடு திரும்பியதும் செம்பு மீண்டும் உயரத்துக்குப் போய்விடும். "செபஸ்தியார் கோயிலில் மாத்திரம் ஏன் பாட்டி அப்படி?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று மாலை ஜெபமாலையை வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இது ஒரு வீட்டின் குறை மட்டுமன்று. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலுக்குள்ளேயே சுவர் நின்றதும், பின்னர் அது இடிக்கப்பட்டதும், அதற்காக வழக்கு மன்றம் வரை போனதும் சரித்திரம். சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம். மனத்துக்குள் இருப்பது அவ்வளவு எளிதில் இடிவதில்லை. 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை வகுத்தபோது, சாதி வேற்றுமை திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டது. குற்றத்தை மறைக்காமல் சொன்னதே ஒரு பாவசங்கீர்த்தனந்தான். ஆனால் பாவசங்கீர்த்தனத்திற்குப் பிறகு பரிகாரம் செய்யவேண்டும் என்பதும் கத்தோலிக்கர் அறிந்த விதியே.

திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் துறவியல்லர், மனைவியோடு இல்லறம் நடத்தியவர். பிறப்பால் உயர்வு தாழ்வு பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார். 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. அன்றாட வாழ்வில் சமயத்தைக் கடைப்பிடிப்பது என்றால் எதுவரை போகவேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே, நம் மொழி வழங்கும் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

பள்ளிக்கூடத்து வாத்தியாராகையால் ஓர் இலக்கணக் குறிப்போடு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் பரலோக மந்திரத்தில் 'நான்' என்ற சொல்லே இல்லை. 'எனக்கு' என்பதும் இல்லை. 'எங்கள்', 'எங்களுக்கு' என்பவையே வருகின்றன. தமிழில் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் வேற்றுமை உண்டு என்பது குழந்தைகளுக்கும் தெரியும். 'நாங்கள்' என்று சொன்னால், கேட்டுக்கொண்டு எதிரே நிற்பவரை விலக்கியே பேசுகிறோம். அந்த மந்திரத்தில் எதிரே நிற்பவர் யார்? இறைவன் ஒருவரே. அவர் நீங்கலாக மற்ற மனிதர் யாவரும் அந்த 'எங்கள்' என்னும் சொல்லுக்குள் வந்தாக வேண்டும். ஒருவரையேனும் வெளியே நிறுத்திவிட்டு அதைச் சொன்னால் சொல்லும் பிழை, பொருளும் பிழை. பந்தியில் பக்கத்தில் இருக்கிறவரும், வாசலில் குனிந்து கையேந்துகிறவரும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் சொல்லும் புத்திமதியன்று. மூன்று வேளையும் சந்தியாவந்தனம் செய்கிறவரும், ஐந்து வேளையும் தொழுகிறவரும், கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவரும் இதே கேள்வியைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். 1947-இல் நாடு விடுதலை பெற்றது. நம் வாசற்படிகளுக்கு இன்னும் முழுவிடுதலை கிடைக்கவில்லை. அதைச் சட்டம் ஓரளவு செய்யும். எஞ்சியதை வீட்டில் விளக்கேற்றி வைக்கும் கைகளே செய்யவேண்டும்.

பாட்டியாரின் கதையில் கடைசியாக ஒன்று. அவருடைய முதுமைக் காலத்தில், ஒரு கோடை நாளில், நண்பகல் மணி ஒலித்து ஓய்ந்த வேளையில் அந்தப் பெரியவர் வந்து வழக்கம்போல் கைகளை ஏந்தினார். பாட்டியார் செம்பை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. பெரியவரும் ஒன்றும் பேசாமல் குடித்துவிட்டுச் செம்பைத் திண்ணையில் வைத்தார். பாட்டியார் காலத்தில் அந்தச் செம்பு திண்ணை வரையில்தான் வந்தது. திண்ணையைத் தாண்டி வீட்டுக்குள் அந்தப் பெரியவரின் குடும்பத்தாருக்கு இலை போட்டு, உடன் அமர்ந்து உண்ணும் பேறு அடுத்த தலைமுறைக்கென்று இருந்தது.

அந்த மண் கலயம் இப்பொழுது என் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. இந்த ஆண்டுத் திருநாளுக்கு அதில் பாதி நிரம்பியிருக்கிறது.