பின்வரிசையில் 100 ஆட்டங்கள்

வானொலி விளையாட்டுச் செய்தியில் ஒரு காற்பந்து ஆட்டத்துக்குக் கிடைப்பது இருபது விநாடி. யார் வென்றது, எத்தனை கோல், அடித்தது யார். அதற்குள் அடுத்த செய்திக்குப் போயாக வேண்டும். அந்த இருபது விநாடிக்குள் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் பெயர் வருகிறதென்றால், பெரும்பாலும் அவர் சொந்த கோல் போட்டிருப்பார், இல்லையென்றால் சிவப்பு அட்டை வாங்கியிருப்பார்.

நான் குடியிருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் மாலை வெயில் தாழ்ந்ததும் திடலுக்கு வரும் பிள்ளைகளில் இப்போது பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பக்கத்துத் தெரு அக்காவின் மகள் பள்ளிக் குழுவில் பின்வரிசையில் நிற்பவள். அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டார்: "நீதான் ரேடியோவுல இருக்கியேம்மா, சொல்லு. கோல் போடுற பிள்ளைன்னா பேராவது வெளிய வரும். இவ பின்னாடி நின்னு தடுக்குறா. இத வச்சு என்னா பண்றது?"

நான் சொன்ன பெயர் லோய்தொங்பம் ஆஷாலதா தேவி. "நம்ம ஆளு மாதிரி இல்லையே" என்றார். இல்லைதான். 1993-இல் இம்பாலில் பிறந்த மணிப்பூர்க்காரர். ஆனால் 2019-இல் அவர் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது சேது எஃப்.சி. என்ற மதுரைக் குழுவோடு. லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அந்தக் குழு வென்றதோ மணிப்பூர் போலீஸ் குழுவை, 3-1 என்று. சொந்த மாநிலத்துக்கு எதிராக மதுரைச் சட்டை போட்டு ஆடிய அந்த ஆட்டத்தை நம் தமிழ்ப் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

நடுத் தற்காப்பு என்பது காலால் மட்டும் ஆடும் ஆட்டமில்லை. எதிரணித் தாக்குதல்காரர் எங்கே ஓடப் போகிறார் என்பதை அவர் ஓடுவதற்கு முன்பே கணித்து, அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். பின்வரிசை நால்வரும் ஒரே கோட்டில் முன்னேற வேண்டும். ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் ஆஃப்சைட் பொறி கெட்டுவிடும். அதனால் வாய் ஓயாமல் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். சரியான இடத்தில் நிற்பவருக்குச் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் வேலையே குறைவு. பார்க்கிறவருக்கு அவர் ஒன்றுமே செய்யாததுபோல் தெரியும்.

ஒன்றுமே செய்யாததுபோல் தெரிந்த இந்தப் பெண்ணைத்தான் இந்திய அணி தலைவியாக்கியது. 2019 மார்ச்சில் நேப்பாளத்தின் பிராட்நகரில், இந்தியா தொடர்ந்து ஐந்தாவது முறையாகத் தெற்காசியக் கிண்ணத்தை வென்றபோது தலைவி அவர்தான். அந்த ஆண்டு இந்தியக் காற்பந்துச் சம்மேளனத்தின் சிறந்த வீராங்கனை விருதும் கிடைத்தது. ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருதுக்கும் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அதைத் தட்டிச் சென்றவர் ஜப்பானின் சகி குமகாய். அவரும் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் என்பதை அக்காவிடம் அழுத்திச் சொன்னேன்.

பிறகுதான் அந்த ஜனவரி வந்தது. 2022 ஆசிய மகளிர் கிண்ணத்தை இந்தியா ஏற்று நடத்தியது. அடுத்த உலகக் கிண்ணத்துக்கு அந்தப் போட்டிதான் வாசல். ஜனவரி 20-ஆம் தேதி நவி மும்பையில் ஈரானுடன் 0-0. மூன்று நாள் கழித்துச் சீனத் தைப்பேயுடன் ஆட வேண்டும். அதற்குள் அணிக்குள் கோவிட் புகுந்தது. களமிறக்கத் தேவையான 13 பேர்கூடத் தேறவில்லை. ஆட்டம் நடக்கவில்லை, இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கணக்காயிற்று, ஈரானுடன் ஆடியதும் செல்லாமல் போயிற்று. சொந்த மண், தலைவிப் பட்டை, ஆண்டுக்கணக்கான பயிற்சி. எல்லாம் ஒரே ஆட்டத்தோடு முடிந்தது.

நம் நாட்டுப் பெரியவர்களுக்கு இந்த வலி புதிதில்லை. 1980-இல் தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நம் அணி, புறக்கணிப்பினால் விமானமே ஏறவில்லை. சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் பின்வரிசையில் நின்ற அணி அது. வலை காத்த ஆர். ஆறுமுகத்தின் பெயரை என் அப்பா இன்றைக்கும் பெருமூச்சோடுதான் சொல்வார்.

ஆஷாலதாவுக்கு அடி அதோடு நிற்கவில்லை. 2022 மே மாதம் கோகுலம் கேரளாவின் தலைவியாக மீண்டும் லீக் பட்டம் வென்றார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது பழைய சேது. மதுரைக் குழு முதலில் கோல் போட, பினால்டியை வலைக்குள் அனுப்பிச் சமன் செய்தவர் ஆஷாலதா, முடிவு 3-1. (தற்காப்பு ஆட்டக்காரரும் கோல் போடுவார் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாகான இடம்.) அந்த வெற்றியால் கோகுலம் ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக ஆகஸ்டில் உஸ்பெகிஸ்தானில் போய் இறங்கியது. இறங்கிய வேளையில் ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தைத் தடை செய்திருந்தது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பது குற்றச்சாட்டு. தாஷ்கண்ட் வரை போன பெண்கள் பந்தைத் தொடாமல் திரும்பினார்கள். ஆகஸ்ட் 26-இல் தடை நீங்கியபோது வாய்ப்பு கைநழுவிப் போயிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் ஆடிக்கொண்டே இருந்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்கிறோம். ஆனால் 2019-இல் அந்த லீக்கின் இறுதிச் சுற்று மே 5-இல் தொடங்கி 22-இல் முடிந்துவிட்டது. மூன்று வாரம்கூட இல்லை. மீதி மாதங்களுக்கு ஒரு வீராங்கனை என்ன செய்வாள்? சொந்தத் திடலிலும் எதிரணித் திடலிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது. நாமும் மார்தட்டிக்கொள்ள முடியாது. 1975-இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசிய மகளிர் போட்டியில் மலேசியா நான்காம் இடம். இந்தியா அதில் ஆடவே இல்லை. அங்கிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்தோம் என்று அக்கா கேட்கவில்லை, நல்லவேளை.

2024 அக்டோபர் 17 அன்று காட்மாண்டுவில் பாகிஸ்தானை இந்தியா 5-2 என வென்றது. அது ஆஷாலதாவின் 100-ஆவது அனைத்துலக ஆட்டம். இந்தியப் பெண்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டவர் அவர். அதே ஆட்டத்தில் பாலா தேவி தன் 50-ஆவது அனைத்துலக கோலை அடித்ததால் அன்றைய தலைப்பையும் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

மறு ஆண்டு ஏப்ரலில், இம்முறை ஈஸ்ட் பெங்கால் சட்டையில், மறுபடியும் லீக் பட்டம். அதை உறுதி செய்த ஆட்டம் ஒடிசாவுக்கு எதிராக 1-0. அந்த வெற்றியால் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் இடம் கிடைத்தது. ஆகஸ்டில் குழு கம்போடியாவுக்குப் போனது. இம்முறை யாரும் தடுக்கவில்லை. நோம்பென் கிரவுனை 1-0 என வென்று, ஹாங்காங்கின் கிட்சியுடன் சமன் கண்டு, அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது.