எங்கள் கபனும் அவர்களின் முக்காடும்

கொவிட்டில் மரணித்தவர்களை அடக்கவும் செய்யலாம் என்ற அதிவிசேட வர்த்தமானி 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வெளிவந்தது. அதற்கு முன்னர் பத்து மாதங்களுக்கு மேலாக எரிப்பு ஒன்றுதான் சட்டம். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போனது அதற்கு முதல் இரண்டு நாட்களில். ஆகவே சாய்ந்தமருது, கல்முனைக்குடி, நிந்தவூர் என்று கரையோரமெங்கும் தேநீர்க் கடைப் பேச்சு ஒன்றாகவே இருந்தது: "இம்ரான் கான் வந்துதான் ஜனாஸாப் பிரச்சினைய முடிச்சு வெச்சாரு."

அந்த நன்றியுணர்வில் பொய் இல்லை. ஆனால் கணக்கு முழுமையாக இல்லை. அவர் வருவதற்கு முன்னரே மக்கள் வீதிக்கு வந்திருந்தார்கள். 20 நாள் வயதான ஒரு சிசுவை 2020 டிசம்பரில் பெற்றோரின் சம்மதமின்றி எரித்தபோது, பொரளை கனத்தை மயானத்தின் வாயிற்கம்பிகளில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. ஒருவர் கட்டியதை அதிகாரிகள் அவிழ்த்தார்கள், மறுநாள் வேறொருவர் கட்டினார். பிரேதத்தைச் சுற்றும் கபன் துணியே போராட்டக் கொடியாகிப் போனது. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் புறப்பட்ட பேரணி எங்கள் ஊர்களின் பிரதான வீதியால்தான் பொலிகண்டியை நோக்கிப் போனது. தமிழர்களின் காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள் என்று நீண்ட கோரிக்கைப் பட்டியலில் ஜனாஸா எரிப்பும் ஒன்றாக இருந்தது. நீதிமன்றத் தடையுத்தரவுகளை மீறி எங்கள் ஊர்களின் இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு தமிழரும் முஸ்லிமும் அந்தளவில் ஒன்றாக நடந்த வேறொரு நாள் கிழக்கில் எனக்குத் தெரியாது. அதே காலத்தில், ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருக்கும்போதே அரசாங்கத்தின் 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கையுயர்த்திய முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்களும் கிழக்கில் இருந்தார்கள் என்பதை மறக்க முடியாது.

மக்கள் தள்ளினார்கள், சரி. கதவு ஏன் பெப்ரவரி இறுதியில் திறந்தது? ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையின் 46ஆவது அமர்வு பெப்ரவரி 22ஆம் திகதி தொடங்கியது. இலங்கைக்கு எதிரான தீர்மானம் வரவிருந்தது. முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் கொழும்புக்கு அவசரமாகத் தேவைப்பட்டன. மார்ச் 23ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. அந்தத் தீர்மானத்திலேயே கொவிட் எரிப்பைப் பற்றிய கவலையும் எழுதப்பட்டிருந்தது. பாகிஸ்தானும் பங்களாதேஷும் அதை எதிர்த்து, அதாவது இலங்கை அரசாங்கத்தின் பக்கம் வாக்களித்தன. இந்தோனேசியாவும் பஹ்ரைனும் நடுநிலை. அடக்க அனுமதி வந்த பிறகும் எங்கள் ஜனாஸாக்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. மட்டக்களப்பையும் தாண்டிப் போய், இராணுவத்தின் கண்காணிப்பில், ஊர் மையவாடியில் இடமிருந்தும் அங்கேதான் அடக்க வேண்டும் என்ற நிலை இன்னும் ஒரு வருடம் நீடித்தது.

அந்த வாக்கெடுப்புக்கு இருபது மாதங்கள் கழித்து, 2022 நவம்பர் 24ஆம் திகதி, அதே பேரவையில் இன்னொரு வாக்கெடுப்பு. இம்முறை ஈரான். முக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று தெஹ்ரானில் ஒழுக்கப் பொலிஸார் பிடித்துச் சென்ற 22 வயதுக் குர்திஷ் பெண் மஹ்சா அமினி, செப்டெம்பர் 16ஆம் திகதி உயிரிழந்தார். அவரது ஊரான சக்கெஸில் நடந்த அடக்கத்திலேயே பெண்கள் முக்காட்டைக் கழற்றி வீசினார்கள். "பெண், வாழ்வு, விடுதலை" என்ற குர்திஷ் கோஷம் நாடு முழுக்கப் பரவியது. அரசின் அடக்குமுறையை விசாரிக்க ஓர் உண்மை கண்டறியும் குழு வேண்டுமா என்பதே பேரவையின் முன்னிருந்த கேள்வி. ஆதரவு 25, எதிர்ப்பு 6, நடுநிலை 16.

இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாகிஸ்தான், சீனா, கியூபா, எரித்திரியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகள் இரண்டிலும் எதிர்த்திருக்கின்றன. இந்தியாவும் இந்தோனேசியாவும் இரண்டிலும் நடுநிலை. சாய்ந்தமருதில் சுனாமிக்குப் பிறகு எழுந்த ஒரு வீட்டுத் திட்டம் பொலிவேரியன் கிராமம் என்று வெனிசுவேலாவின் பெருந்தலைவர் பொலிவாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த நாடு எங்கள் அடக்க உரிமையைக் கேட்ட தீர்மானத்தையும் எதிர்த்தது, ஈரானியப் பெண்களுக்கு நீதி கேட்ட தீர்மானத்தையும் எதிர்த்தது. வெனிசுவேலாவுக்கு எங்கள் மீதோ சக்கெஸின் பெண்கள் மீதோ எந்தப் பகையும் இல்லை. நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படியொரு தீர்மானம் வரும் என்ற பயம்தான் அந்தக் கையை உயர்த்தியது.

மறுபக்கத்தில் கையுயர்த்திய மேற்கு நாடுகள் நல்லவை என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஈரானியர்களுக்கு அந்தப் பாடம் எங்களை விட நன்றாகத் தெரியும். 1953 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் முஸத்திக்கைக் கவிழ்த்ததில் தங்கள் கையிருந்ததை அமெரிக்க உளவுத்துறையே பின்னாளில் ஒப்புக்கொண்டது. 1977இன் கடைசி இரவில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தெஹ்ரானில் மன்னர் ஷாவின் விருந்தில் நின்று, கொந்தளிக்கும் பிராந்தியத்தில் ஈரான் ஒரு நிலைத்தன்மையின் தீவு என்று புகழ்ந்தார். 1979 ஜனவரி 16ஆம் திகதி ஷா நாட்டை விட்டே போய்விட்டார். பெப்ரவரியில் புரட்சி வென்றது. மார்ச் 8ஆம் திகதி, புரட்சிக்காக நின்ற அதே பெண்கள், கட்டாய முக்காட்டுக்கு எதிராகத் தெஹ்ரானின் பனியில் மீண்டும் வீதியில் நின்றார்கள். இமாம் கொமெய்னி நாடு திரும்பி ஐந்து வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆக 2022 என்பது திடீரென்று மேற்கிலிருந்து இறக்குமதியான ஒன்றல்ல. அந்த ஆட்சியின் வயதுதான் அந்த எதிர்ப்பின் வயதும்.

ஈரானில் தேர்தல் உண்டு, ஜனாதிபதி உண்டு, பாராளுமன்றம் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே உச்சத் தலைவராக ஒரு மார்க்க அறிஞர் ஆயுட்காலத்துக்கு அமர்ந்திருப்பார். யார் தேர்தலில் நிற்கலாம் என்று முடிவு செய்யும் காவலர் சபையின் 12 பேரில் 6 பேரை அவரே நியமிக்கிறார். மற்ற 6 சட்ட அறிஞர்களை முன்மொழிவது நீதித்துறைத் தலைவர். அந்தத் தலைவரை நியமிப்பவரும் அவரே. இப்படியொரு வட்டத்துக்குள் அதிருப்திக்கு வீதியைத் தவிர வேறு வாசல் இல்லை. 1999இல் மாணவர்கள், 2009இல் வாக்கு மோசடி என்று பச்சைப் பட்டி அணிந்து வந்தவர்கள், 2019 நவம்பரில் பெற்றோல் விலையேற்றத்தை எதிர்த்த ஏழைகள், பிறகு 2022.

ஒவ்வொரு முறையும் வெளிநாட்டுத் தலைவர்கள் எப்படி நடந்தார்கள் என்பது தனிக் கதை. 2009 ஜூனில் தெஹ்ரான் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, தேர்தலில் வென்றதாக அறிவிக்கப்பட்ட ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் ரஷ்யாவின் யெக்காதரின்பர்க் நகருக்குப் போய் ஷங்ஹாய் ஒத்துழைப்பு மாநாட்டில் வரவேற்பைப் பெற்றுத் திரும்பினார். வெனிசுவேலாவின் ஹியூகோ சாவேஸ் முந்திக்கொண்டு வாழ்த்தினார். ஒபாமா அளந்து பேசினார். அமெரிக்கா வெளிப்படையாக ஆதரித்தால் போராடுபவர்களை 1953ஐக் காட்டியே ஒடுக்குவார்கள் என்று அவர் தரப்பு சொன்னது நியாயமான வாதம்தான். அணுப் பேச்சுவார்த்தைக்கான ஆசையும் கூடவே இருந்தது. பதின்மூன்று வருடங்கள் கழித்து, 2022இல், அன்று மௌனமாக இருந்தது தவறு என்று அவரே சொன்னார். சொல்வதற்குச் செலவு ஏதும் இல்லாத காலம் அது.

2022இல் வார்த்தைகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பைடன் பேசினார், ஐரோப்பியத் தலைவர்கள் பேசினார்கள், தடைகள் வந்தன. கொல்லப்பட்டவர்கள் 551 பேர் வரை என்று உண்மை கண்டறியும் குழு 2024இல் அறிக்கையிட்டது. அவர்களில் 68 பேர் பிள்ளைகள். மஹ்சா அமினியின் முதலாம் வருட நினைவுக்கு இரண்டு நாட்கள் கழித்து, 2023 செப்டெம்பர் 18ஆம் திகதி, ஐந்து அமெரிக்கக் கைதிகளுக்கு மாற்றாக ஈரானின் 600 கோடி டொலர் தென்கொரியாவிலிருந்து கட்டாருக்கு மாற்றப்பட்டது. கைதிகளை மீட்பது குற்றமல்ல. ஆனால் அந்த வாரத்தின் நாட்காட்டியை வொஷிங்டனில் யாரும் பார்க்கவில்லையா? அதற்கு ஆறு மாதம் முன்னரே, மார்ச் 10ஆம் திகதி, சவூதியும் ஈரானும் பீஜிங்கில் கைகுலுக்கியிருந்தன. ஷீஆ, சுன்னி என்று எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவர்கள் அந்தப் புகைப்படத்தை எப்படி விளக்கினார்கள் என்று கேட்க ஆசை.

கொடுமையின் உச்சம் 2025 ஜூன். ஈரான் மீது தாக்குதலைத் தொடங்கிய நாளிலேயே இஸ்ரேலியப் பிரதமர் நெத்தன்யாகு ஈரானிய மக்களை நோக்கி, பாரசீகத்தில் அதே "பெண், வாழ்வு, விடுதலை" கோஷத்தை உச்சரித்தார். பத்து நாட்கள் கழித்து அவரது விமானங்கள் எவின் சிறையைத் தாக்கின. அந்தக் கோஷத்துக்காகப் பெண்கள் அடைபட்டுக் கிடந்த சிறை அது. நோபல் பரிசு பெற்ற நர்கீஸ் முஹம்மதி வருடக்கணக்கில் இருந்த இடம். 71 பேர் இறந்ததாக ஈரானிய நீதித்துறை சொன்னது. கைதிகள், ஊழியர்கள், பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் அதில் அடக்கம். காஸாவைப் பிணக்காடாக்கியவரின் வாயில் அந்தக் கோஷம் ஏறியபோது நட்டப்பட்டது தெஹ்ரானின் ஆட்சியாளர்கள் அல்ல. 2022 ஒக்டோபரிலேயே இதெல்லாம் அமெரிக்கா, இஸ்ரேலின் திட்டம் என்று உச்சத் தலைவர் காமெனெய் சொல்லியிருந்தார். அவருக்கு வேண்டிய சாட்சியத்தை நெத்தன்யாகு தேடிவந்து கொடுத்தார். எங்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. பொத்துவில் பேரணியையும் புலம்பெயர்ந்தோரின் சதி என்றுதான் தெற்கில் சொன்னார்கள்.

கொழும்பின் விஷயத்துக்கு வருவோம். அதில் மர்மம் எதுவும் இல்லை, எண்ணெயும் தேயிலையும்தான். 1969இல் இயங்கத் தொடங்கிய சபுகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் ஈரானின் மசகு எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது. 2008 ஏப்ரலில் அஹ்மதிநெஜாத் இங்கே வந்து உமா ஓயாத் திட்டத்துக்கு அடிக்கல் வைத்தார். தடைகள் இறுகியதும் ஈரானின் கடன் பாதியில் நின்றது, மீதியை நாமே கட்டினோம். சுரங்கம் தோண்டியதில் பண்டாரவளையில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, மக்கள் வீதியில் இறங்கினார்கள். பழைய எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலரை மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகத் தீர்ப்பது என்று 2021 டிசம்பரில் உடன்பாடு. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரானிய ஜனாதிபதி ரயீசி வந்து, ரணில் விக்ரமசிங்கவோடு நின்று 120 மெகாவோட் உமா ஓயாவைத் திறந்துவைத்தார். 1988 சிறைப் படுகொலைகளில் அவரது பங்கு பற்றிய கேள்வியோ, 2022இன் பிள்ளைகள் பற்றிய கேள்வியோ அந்த மேடையில் யாருக்கும் எழவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்தார்.

தேயிலைக் கடன் இருக்கும் அரசு பேசாமலிருப்பது விளங்குகிறது. எங்களுக்கு என்ன கடன்?

2022 செப்டெம்பரிலிருந்து எங்கள் பக்கத்தில் ஈரானியப் பெண்களுக்காக ஒரு பதாகை உயர்ந்ததை நான் காணவில்லை. பேசியவர்களும் இரண்டு வகைதான். ஈரான் ஷீஆ நாடு, அவர்கள் விவகாரம் நமக்கெதற்கு என்பவர்கள் ஒரு வகை. பலஸ்தீனத்துக்காக நிற்கும் ஒரே நாடு அது, குறை சொல்லாதே என்பவர்கள் மறுவகை. இரு தரப்பின் பேச்சிலும் அந்த 68 பிள்ளைகள் இல்லை.

மதத்தின் பெயரில் அதிகாரம் கேட்பவர்களைச் சாய்ந்தமருது அறியாததல்ல. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நடத்திய ஸஹ்ரானின் ஆட்கள் ஒளிந்திருந்தது அந்தப் பொலிவேரியன் கிராமத்தில்தான். சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் ஊர் மக்கள். ஆறு பிள்ளைகள் உட்பட 15 சடலங்கள் எடுக்கப்பட்டன. பயங்கரவாதிகளின் உடல்களை அடக்கம் செய்ய ஊர் மறுத்தது. இன்னொரு பக்கம், தனியான உள்ளூராட்சி சபை கேட்டு 2017இல் கடையடைத்துக் கறுப்புக் கொடி கட்டிய போராட்டத்தைப் பள்ளிவாசலே முன்நின்று நடத்தியது. 2018இல் தோடம்பழச் சின்னத்தில் அது நிறுத்திய சுயேச்சைக் குழுவை ஊர் வெல்லவைத்தது. அந்தச் சபைக்காக 2020 பெப்ரவரியில் கிடைத்த வர்த்தமானி ஒரு வாரத்துக்குள் பறிபோனது. பள்ளிவாசல் மக்களின் பின்னால் நின்றால் எவ்வளவு பலம் என்பதும் தெரியும். பள்ளி சொன்னால் மறுபேச்சில்லை என்ற நிலையில் மாற்றுக்கருத்துக்காரர் எவ்வளவு தனியாகிப் போவார் என்பதும், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், எங்களுக்குத் தெரியும்.

2019 ஏப்ரல் இறுதியில் அவசரகாலச் சட்டத்தால் முகத்திரையைக் கழற்றச் சொன்னது இலங்கை அரசு. என்ன உடுப்பது என்று சொல்ல நீ யார் என்று எங்கள் பெண்கள் கேட்டார்கள். சரியான கேள்வி. தெஹ்ரானின் பெண்கள் மறுதிசையிலிருந்து கேட்பதும் அதே கேள்விதான். அங்கே உடுக்கச் சொல்கிறார்கள், இங்கே கழற்றச் சொன்னார்கள். இந்தப் பெண்ணுக்காகப் பேசிய வாய்க்கு அந்தப் பெண்ணுக்காகப் பேசுவதில் என்ன தடை?

பொத்துவில் பேரணிக்கு மீண்டும் போகிறேன். கிழக்கில் தமிழர்களும் புதைப்பதுண்டு. ஆனால் முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் என்று வடக்கே போகப் போக அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் தாய் தந்தையை எரித்தவர்கள். எங்கள் வாப்பாவை எரிக்காதே என்று சொல்வதற்கு அவர்கள் யாரும் எங்கள் மார்க்கத்தை ஏற்கவில்லை. யாருடைய வாக்கையும் பேரம் பேசவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்கு மன்னிப்புக் கேட்க முடிவு செய்தபோது, அந்தச் செய்தியில் அவர்களின் பெயர் எங்கும் இல்லை. இம்ரான் கானின் பெயரை எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். உய்குர் முஸ்லிம்களைப் பற்றி 2021 ஜூனில் ஒரு நேர்காணலில் கேட்டபோது, சீனாவோடு அதைத் தனியே பேசிக்கொள்வோம் என்று அவர் நழுவினார். எங்கள் ஜனாஸாவுக்காகப் பேசி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.