இடையில் மூடிய கணக்கு

கொள்முதல் பார்ப்பவர் வாங்கிப் போட்ட பருப்பு மூட்டைகள் இரண்டு மாதம் விற்காமல் கிடந்தால் நம் முகம் சுளிக்கிறது. "யாரைக் கேட்டு வாங்கினாய்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுகிறோம். மூன்றாம் மாதம் விலை ஏறி அத்தனையும் விற்றுத் தீர்ந்தால் அதே ஆளைக் கெட்டிக்காரர் என்கிறோம். ஆளும் மாறவில்லை, சரக்கும் மாறவில்லை. நாம் கணக்குப் பார்த்த தேதிதான் மாறியது.

வாங்குகிறவரின் திறமையை எந்தத் தேதியில், எந்தக் கணக்கை வைத்து எடை போடுவது? இந்தக் கேள்விக்கு அமெரிக்க விளையாட்டு உலகில் நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் பெரிய வியாபாரம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முதலாளி, அவருக்குக் கீழே ஒரு ஜெனரல் மானேஜர். களத்தில் ஆட்டத்தை நடத்துபவர் வேறு ஒருவர். ஜெனரல் மானேஜரின் வேலை ஆட்களைச் சேர்ப்பது. தன் ஆட்டக்காரரை இன்னொரு குழுவுக்குக் கொடுத்து, அங்கிருந்து தனக்கு வேண்டியவரை வாங்குவார். பெரும்பாலும் ஆளுக்கு ஆள் பண்டமாற்றுத்தான்.

செயின்ட் லூயிஸ் நகரின் கார்டினல்ஸ் குழுவில் 1957இல் இந்தப் பதவிக்கு வந்தவர் பிங் டிவைன். முதலாளி கஸ்ஸி புஷ், பீர் தயாரிப்பில் பெரும் செல்வம் கண்டவர். 1946க்குப் பிறகு அந்தக் குழு பட்டம் எதுவும் வென்றதில்லை.

டிவைன் முதலில் செய்த மாற்று, மூன்று பந்து எறிபவர்களைக் கொடுத்து சின்சினாட்டி குழுவிலிருந்து கர்ட் ஃபிளட் என்ற 19 வயதுப் பையனை வாங்கியது. 1959இல் சாம் ஜோன்ஸ் என்ற பந்து எறிபவரைக் கொடுத்து பில் ஒயிட்டை வாங்கினார். ஜோன்ஸ் போன இடத்தில் அந்த ஆண்டே 21 ஆட்டங்களை வென்று கொடுத்தார். அந்த வருஷக் கணக்கில் டிவைனுக்கு நஷ்டம் என்றே யாரும் எழுதியிருப்பார்கள். ஒயிட்டோ பல ஆண்டுகள் நிலைத்து நின்று குழுவின் தூணானார். பிறகு 1960இல் ஜூலியன் ஜேவியர், 1962இல் டிக் கிரோட் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

பெரிய மாற்று 1964 ஜூன் 15 அன்று நடந்தது. முந்தைய ஆண்டு 18 ஆட்டங்களை வென்று கொடுத்த எர்னி பிராக்லியோ உட்பட மூவரை சிகாகோ கப்ஸ் குழுவுக்குக் கொடுத்தார் டிவைன். பதிலுக்கு வந்த மூவரில் முக்கியமானவர் லூ பிராக் என்ற இளைஞர். நல்ல ஓட்டக்காரர், ஆனால் அதுவரை பெரிதாக எதுவும் சாதிக்காதவர். ஆயிரம் வாய்ப்புக்கு 251 வெற்றி அடி என்ற அளவில்தான் இருந்தார். சிகாகோவில் பலரும் தங்களுக்கே லாபம் என்று மகிழ்ந்தார்கள்.

ஆகஸ்ட் வந்தது. கார்டினல்ஸ் முதலிடத்துக்கு வெகுதூரம் பின்தங்கி நின்றது. முதலாளி புஷ் பொறுமை இழந்து டிவைனைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்.

அதன் பிறகுதான் சரக்கு விலை போகத் தொடங்கியது. முதலிடத்தில் இருந்த ஃபிலடெல்ஃபியா கடைசி நேரத்தில் தொடர்ந்து 10 ஆட்டங்களில் தோற்றது. கார்டினல்ஸ் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் தேசிய லீக் பட்டத்தை வென்றது. அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸ் குழுவை 4-3 என்று வென்று உலக சாம்பியன் ஆனது. பந்து எறிபவர் நீங்கலாக வழக்கமாக ஆடிய எட்டுப் பேரில் ஒயிட், ஜேவியர், கிரோட், ஃபிளட், பிராக் ஆகிய ஐவர் டிவைன் மாற்றில் வாங்கிய ஆட்கள். விழா நடந்தபோது வாங்கியவர் வெளியே இருந்தார். அந்த ஆண்டின் சிறந்த நிர்வாகி என்ற விருதை ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகை அவருக்கே கொடுத்தது.

பட்டத்தில் அதிர்ஷ்டமும் உண்டு. ஃபிலடெல்ஃபியா சரியாமல் இருந்திருந்தால் அது கிடைத்திராது. ஆனால் பிராக்கின் தரத்துக்கும் அந்தச் சரிவுக்கும் சம்பந்தமில்லை. கார்டினல்ஸில் அந்தப் பருவத்தில் அவர் கணக்கு ஆயிரத்துக்கு 348 ஆக உயர்ந்தது. 1979 வரை அங்கேயே ஆடினார். மொத்தம் 938 முறை எதிராளி அசந்த நேரத்தில் ஓடி அடுத்த தளத்தைப் பிடித்தார். முழங்கை வலியால் தளர்ந்த பிராக்லியோவோ சிகாகோவுக்கு மூன்று ஆண்டுகளில் வென்று கொடுத்தது 7 ஆட்டங்கள் மட்டுமே.

இப்படிப் பார்த்தால் டிவைன் பிழையே செய்யாதவரா? 1967 டிசம்பரில் அவரை மீண்டும் அதே பதவிக்கு அழைத்தார்கள். 1972இல் ஸ்டீவ் கார்ல்டன் என்ற பந்து எறிபவரைக் கொடுத்து ரிக் வைஸை வாங்கினார்கள். கார்ல்டன் அதே ஆண்டு 27 ஆட்டங்களை வென்றார். அவர் போய்ச் சேர்ந்த ஃபிலடெல்ஃபியா குழு அந்த ஆண்டு வென்றதே மொத்தம் 59 ஆட்டங்கள்தான்! வைஸ் மோசமான ஆள் இல்லை. இரண்டு ஆண்டும் 16 ஆட்டங்கள் வென்றார். ஆனாலும் இது பெரிய நஷ்டம். இதை யார் பற்றில் எழுதுவது? சம்பளத் தகராறில் கோபம் கொண்டு கார்ல்டனை அனுப்பிவிடச் சொன்னவர் முதலாளி புஷ். கோபத்தில் விற்கச் சொன்னது ஒருவர், கையெழுத்துப் போட்டது இன்னொருவர். நம் கடைகளிலும் இது நடப்பதுதான்.

ஆகவே ஒருவரின் கொள்முதலை மதிப்பிடும்போது நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். வாங்கிய அன்று அவருக்குத் தெரிந்திருந்தது என்ன? கடையில் அப்போது இல்லாத சரக்கு எது? கொடுத்ததும் வாங்கியதும் கடைசிவரை தந்த பலன் என்ன? முடிவு உண்மையில் யாருடையது? ஒரு பில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. பேரேடு முழுவதையும் புரட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் அடங்காத ஒரு வரவும் உண்டு. டிவைன் முதன்முதலில் வாங்கிய கர்ட் ஃபிளட் 12 ஆண்டுகள் அந்தக் குழுவுக்கு உழைத்தார். 1969 அக்டோபரில் டிவைனே அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார். ஃபிளட் போக மறுத்தார். தன்னைச் சொத்தைப் போல வாங்கவும் விற்கவும் கூடாது என்று வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் அவர் திறந்த வாசல் மூடவில்லை. பத்து ஆண்டுகள் பெரிய லீக்கில் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே குழுவில் கழித்தவர் மாற்றத்தை மறுக்கலாம் என்ற விதி 1973இல் வந்தது. 1975இல் நடுவர் ஒருவரின் தீர்ப்பு ஆட்டக்காரர்களுக்குக் குழு மாறும் சுதந்திரத்தையும் தந்தது.

மூட்டை வாய் திறந்து பேசாது, மனிதன் பேசுவான். நம் கடையில் நம்பி நிற்கும் கொள்முதல்காரரும் கணக்குப்பிள்ளையும் எடுபிடிப் பையனும் மனிதர்களே. அவர்கள் கணக்கை ஆகஸ்டில் மூடிவிட்டு அக்டோபரில் வருந்துவதைவிட, இன்னும் இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்பது நமக்கு நஷ்டமாகாது.