மொறிஸ் மைனரை விற்றோம்

பழைய காரை வாங்குவது எப்படி என்று புத்தி சொல்வதற்கு ஊரிலே ஆட்களுக்குக் குறைவில்லை. விற்பது எப்படி என்று சொல்வாரைக் காண்பதுதான் அரிது. எமது யாழ்ப்பாணத்து வீட்டுக் கொட்டிலிலே பன்னிரண்டு ஆண்டுகளாக அசைவின்றிக் கிடந்த மொறிஸ் மைனரை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, கடந்த ஆண்டு விற்றோம். மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை.

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதல் வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இஸிகோனிஸ் என்பவர். பின்னாளில் ‘மினி’ காரை வகுத்தவரும் அவரே. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்ற தொகையை முதலில் எட்டிய பெருமையும் மைனருக்கே உரியது. எம்மிடம் இருந்தது 1954 ஆம் ஆண்டின் கார். 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின். நடுவே பிரிந்த முன்கண்ணாடி. திரும்பும்போது கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து கைபோல நீளும் சமிக்ஞை. எமது தந்தையார் அதனை இரண்டாங் கையாக வாங்கியவர். அவருக்குப் பின் அது எம் கைக்கு வந்தது.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின், வடக்குக்குப் பெற்றோல் வரத் தடையிருந்த ஆண்டுகளை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் இவ்வூர்க் கார்கள் மண்ணெண்ணெயிலே ஓடின. ஒரு சிறு போத்தலின் மூடியிலே துளையிட்டு, அதற்குள் பொன்போலப் பேணிய பெற்றோலைக் காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பீச்சி எஞ்சினைக் கிளப்புவோம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே இந்தக் கொடுமையைத் தாங்கின. ஆயினும் முழுதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீராக்கிவிடும். பிளக்குகளிலே கரி படியும். எமது எஞ்சின் அந்த வடுக்களையெல்லாம் சுமந்தே கொட்டிலிற் கிடந்தது.

நெடுநாள் கிடந்த காரைக் கண்டதும் சாவியைத் திருப்பிப் பார்க்க எவருக்கும் ஆவல் எழும். அது தவறு. எமது கராஜ்காரர் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறிது ஒயில் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்தபின், முன்புறக் கைபிடியாலே மெல்லச் சுற்றினார். பெற்றோல் தாங்கியை இறக்கி, உள்ளே பிசினாய்ப் படிந்திருந்ததைக் கழுவினார். அதன்பின் எஞ்சினைத் தொடாது பிறேக்குக்குப் போய்விட்டார்! “ஓடுறதுக்கு முதல் நிக்கப் பழகவேணும், ஐயா” என்றார். மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியிலே, தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கின்றது. அதனைக் கழற்றுவதற்குள் ஒரு பகல் போயிற்று. ரயர்களின் தடம் தேயாதிருந்தும் பக்கங்கள் வெடித்திருந்தன, நான்கையும் மாற்றினோம். ஐந்தாவது மாதம் எஞ்சின் உயிர்பெற்றது.

அவ்வேளையில்தான் தரகர் வந்தார். 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்தமையால் ஓட்டை உடைசல்களுக்கும் விலை ஏறியிருந்ததை அவர் நன்கறிவார். தளத்திலே துருப்பிடித்த இடத்துக்குத் தகடு ஒட்டியிருந்தோம். அதன்மேல் கறுப்பு மை அடித்து மறைக்கச் சொன்னார். அது போகட்டும். முன் சில்லைத் தாங்கும் கீழ்மூட்டு ஒன்று இருக்கின்றது, ‘ட்றனியன்’ என்பார்கள். மரையாலே பொருந்திய அந்த மூட்டுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறையேனும் கிறீஸ் இடாவிட்டால், மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சில்லு காருக்குக் கீழே மடிந்துபோகும். இடப்பக்கத்து மூட்டைப் புதிதாக்கினோம். வலப்பக்கத்துக்கு வேண்டிய பாகம் கிடைக்கவில்லை. அது சற்று ஆடிக்கொண்டேயிருந்தது.

வாங்க வந்தவர் முப்பது வயதும் நிரம்பாத ஓர் இளைஞர். மனைவியும் கைக்குழந்தையும் உடன் வந்திருந்தனர். குழந்தை பின்னாசனத்திலே ஏறி இருந்துகொண்டு இறங்க மறுத்தது. அதைக் கண்டபின் எமக்கு வாய் மூடி இருக்க இயலவில்லை. தகட்டையும் காட்டினோம், மூட்டையும் அசைத்துக் காட்டினோம். தரகர் எம்மைத் தனியே அழைத்து, “ஐயா, அவர் கேட்டவரோ? ஏன் நீங்களாச் சொல்லுறியள்?” என்று கடிந்துகொண்டார். இளைஞர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அன்றிரவு வீட்டிலே எமக்குக் கிடைத்த வரவேற்பை எழுதாமல் விடுகின்றோம். மகளுக்குப் பணம் கட்ட இருபது நாள்களே இருந்தன.

ஒன்பதாம் நாள், தம் தாய்மாமனை அழைத்துக்கொண்டு அவ்விளைஞர் திரும்பி வந்தார். மாமனார் பழைய மெக்கானிக். காருக்குக் கீழே படுத்து அரைமணி நேரம் பார்த்தார். “சொன்னதுக்கு மேலே ஒண்டுமில்லை, தம்பி” என்று மருமகனிடம் சொன்னார். மூட்டை மாற்றும்வரை ஓட்டுவதில்லை என்று பேசிக்கொண்டோம். அந்தச் செலவுக்காக ஐம்பதினாயிரம் ரூபா குறைத்தோம்.

விற்போர் கவனிக்கவேண்டியது இன்னொன்று. வாங்குபவர் பெயரும் திகதியும் இல்லாத உரிமைமாற்றப் படிவத்திலே ஒப்பம் கேட்பது தரகர் வழக்கம். கொடுக்கவே கூடாது. கார் எங்கே விபத்துக்குள்ளானாலும் பதிவுப் புத்தகத்திலுள்ள பெயருக்குரியவரைத் தேடியே பொலிசார் வருவார்கள். நாம் வாங்குபவரின் பெயரை எழுதுவித்து, பிரதியொன்றும் எடுத்த பின்னரே ஒப்பமிட்டோம்.

காரை லொறியிலே ஏற்றுமுன் அவ்விளைஞர் உள்தட்டைத் துழாவி, துளையிட்ட மூடியோடு கூடிய சிறு போத்தலொன்றை எடுத்தார். “இது என்ன, ஐயா?” என்றார். அவர் பிறந்தபோது மண்ணெண்ணெய்க் காலம் முடிந்திருந்தது. எமது மனைவியார் விளக்கினார். போத்தலை எடுத்துவைக்கட்டுமா என்று கேட்டோம்.

“காரோடையே கிடக்கட்டும்” என்று, அவர் அதனை எடுத்த இடத்திலேயே வைத்தார்.