வழுக்கலை முழங்காலில் கட்டுகிறவர்கள்

அக்கா மகள் டொரண்டோவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். பதினைந்து வயது. அங்கே ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர். கான்சாபுரத்து வீட்டில் வந்து இறங்கிய மறுநாளே, பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய கால் பேடுகளைக் கட்டி, சக்கரக் காலணியை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சிமெண்டுக் களத்தில் இறங்கிவிட்டாள். நெல் காயப்போடாத நாள். தெருப் பையன்கள் நாலைந்து பேர் டென்னிஸ் பந்தோடு வந்து சேர்ந்தார்கள். இரண்டு தென்னை மட்டைகள் கோல் கம்பங்களாயின.

முதல் பந்து வலப்பக்கமாக வந்தது. அவள் பழக்கத்தில் முழங்காலிட்டுப் பக்கவாட்டில் சறுக்கப் போனாள். பேடு இருந்த இடத்திலேயே இருந்தது, உடம்பு மட்டும் போனது. தோள் களத்தில் மோதியது. எழுந்து உட்கார்ந்து முழங்கையைத் தடவிக்கொண்டே, "மாமா, இந்தத் தரை என்னைப் போகவிட மாட்டேங்குது" என்றாள்.

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மாதக் கட்டுரை. ஹாக்கி எப்படி ஆடுவது, சக்கரக் காலணி என்றால் என்ன என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நேரே கோல் வாசலுக்குப் போவோம்.

ஐஸ் ஹாக்கியின் கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். அதை நோக்கி வருவது 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு. பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் வரும். அதனால் கீப்பர் இரண்டு முழங்காலையும் சேர்த்துத் தரையில் போட்டு, கணுக்காலை இரு பக்கமும் விரிக்கிறார். பேடுகள் இரண்டும் படுத்துத் தரையோடு ஒரு சுவர் போல நிற்கும். மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த பூச்சி மாதிரி இருப்பதால் பட்டர்ஃப்ளை என்று பெயர். 1950களில் கிளென் ஹால் இப்படி ஆடிக் காட்டினார். 1980களின் நடுவில் வந்த பாட்ரிக் ருவா அதை எல்லோருக்கும் பாடமாக்கினார். இன்று இதை அறியாத ஐஸ் கீப்பர் கிடையாது.

முழங்காலிட்டு உட்காருவதோடு வேலை முடிவதில்லை. வட்டு எதிர்ப்பக்கத்து ஆளுக்குக் கைமாறிவிட்டால், எழுந்து நிற்க நேரம் இருக்காது. ஒரு முழங்காலை மட்டும் லேசாகத் தூக்கி, அந்தக் காலணியின் எஃகு அலகை ஐஸில் குத்தி ஓர் உந்து. மறுகால் பேடு படுத்தபடியே வழுக்கிக்கொண்டு மறு கம்பம் வரை போய்விடும். சுவர் எழுந்திருக்காமலே இடம் மாறுகிறது.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்து வியப்பது ஒன்று. அந்த ஒரே நொடியில் ஒரு கால் தரையைக் கவ்வ வேண்டும், மறுகால் தரையை விட வேண்டும். கவ்வாவிட்டால் உந்த முடியாது, விடாவிட்டால் நகர முடியாது. ஐஸ் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. கூரான எஃகு விளிம்பு குத்தினால் பிளந்து பிடி தருகிறது. அகலமான பேடு படுத்தால் வழுக்கிவிடுகிறது.

ஏன் வழுக்குகிறது என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்ன காரணம், அலகின் அழுத்தத்தில் ஐஸ் உருகுகிறது என்பது. அது போதாது. உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்கவே சுமார் 135 வளிமண்டல அழுத்தம் தேவை. தட்டையான செருப்புப் போட்டவரும்தான் ஐஸில் விழுகிறார், அவர் கால் என்ன அழுத்தம் கொடுத்துவிடும்? 1850-லேயே மைக்கேல் ஃபாரடே வேறு மாதிரி யோசித்தார். ஐஸின் மேல்தோல் இயல்பிலேயே முழுசாகக் கட்டிப்படாமல், நீர் போன்ற மெல்லிய படலமாக இருக்கிறது என்றார். பிற்காலத்து ஆய்வுகள் அவர் பக்கம் நின்றன. உரசும்போது பிறக்கும் சூடும் அந்தப் படலத்தோடு சேர்ந்துகொள்கிறது. எஃகு அலகு ஐஸில் போகும்போது உராய்வுக் கெழு 0.01-க்கும் கீழே.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். 1980 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆல்சன் சகோதரர்கள் வரிசைச் சக்கரக் காலணியைப் பரப்பியதே, ஐஸ் இல்லாத மாதங்களில் ஹாக்கிப் பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்றுதான். ஓடுகிறவர்களுக்கு அது நன்றாகவே ஒத்துவந்தது. கீப்பருக்கு ஒத்துவரவில்லை. காரணம் எளிது. பாலியூரித்தேன் சக்கரம் உருள வேண்டுமானால் தரை அதைப் பிடித்தாக வேண்டும். எண்ணெய் சிந்திய தரையில் சைக்கிள் திருப்பினால் என்ன ஆகும் என்று தெரியுமே. ஆகவே ரோலர் ஹாக்கித் தளம், பிளாஸ்டிக் ஓடு பதித்ததோ சிமெண்டோ, பிடிமானம் உள்ளதாகத்தான் இருக்கும். சக்கரத்தைப் பிடிக்கும் தரை பேடையும் பிடிக்கும். என் மருமகளை விழத்தட்டியது அதுதான்.

திருவாரூர் ஆழித்தேரை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நேர் வீதியில் வடம் பிடித்தால் தேர் உருண்டுவிடும். வீதி திரும்பும் முனையில்தான் சிக்கல், சக்கரம் பக்கவாட்டில் உருளாது. அங்கே இரும்புத் தகடுகளைப் பரப்பி, மேலே கிரீஸைத் தடவி, அவற்றின் மேல் சக்கரத்தை ஏற்றி இழுப்பார்கள். முந்நூறு டன் என்று சொல்லப்படும் தேர் அந்த இடத்தில் மட்டும் உருளுவதை நிறுத்திச் சறுக்கித் திரும்பும். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேருக்கும், இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வருவதற்கு முன்னால், சக்கரத்தடியில் கட்டை கொடுக்கிறவர்களின் கை நிதானத்தில்தான் போக்குவரத்து. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து நான் பார்த்தது தேரை அல்ல, குனிந்து குனிந்து கட்டை போட்ட அந்த மனிதர்களைத்தான்.

ரோலர் கீப்பர் செய்வது ஆழித்தேர் திரும்பும் முனையில் நடக்கும் அதே வேலை. அவர் தகட்டைத் தரையில் பரப்ப முடியாது, சக ஆட்டக்காரர்கள் வழுக்கி விழுவார்கள். அதனால் தகட்டைத் தன் காலோடு கட்டிக்கொள்கிறார். பேடு தரையில் படும் உள்விளிம்பில், முழங்கால் பகுதியிலும் கெண்டைக்கால் பகுதியிலும், கெட்டியான வழவழப்பான பிளாஸ்டிக் தகடுகளை வாரினால் இறுக்கிக்கொள்கிறார். சறுக்குத் தகடு என்று வைத்துக்கொள்வோம். சிலர் காலணியின் உள்பக்கத்துக்கும் ஒன்று போடுவார்கள். முழங்காலிட்டால் தகடு மட்டும் தரையைத் தொடும், உந்தும் காலின் சக்கரம் தரையைக் கவ்வும். ஐஸ் ஒன்றே செய்து கொடுத்த இரண்டு வேலையை இங்கே இரண்டு பொருள்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

என்ன பிளாஸ்டிக்? இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறேன், எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான்.

வழவழப்பு மட்டும் போதுமென்றால் டெஃப்லானைப் போட்டுவிடலாம். தோசைக்கல்லில் பூசுகிறோமே அது. 1950களின் கடைசியில் இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் அப்படித்தான் நினைத்தார். தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்குப் பதிலாக டெஃப்லான் கிண்ணம் வைத்தார். நோயாளிகள் வலியில்லாமல் நடந்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் கிண்ணம் தேய்ந்து, துகள்கள் உடம்புக்குள் புண்ணை உண்டாக்கி, எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. வழுக்கும் பொருள் உழைக்கும் பொருளாகவும் இருக்க வேண்டுமென்பதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டார்.

1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் அங்கே வந்தார். கையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. லங்காஷயர் நெசவாலைகளின் தறி உதிரிபாகங்களுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த சரக்கு. சார்ன்லி நகத்தை அதில் பதித்துப் பார்த்தார், பள்ளம் விழுந்தது, வேண்டாமென்று போய்விட்டார். அவருடைய பட்டறை உதவியாளர் ஹாரி கிரேவன் விடவில்லை. மருத்துவர் வெளிநாடு போயிருந்த சமயத்தில் தேய்மான எந்திரத்தில் அதை மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுக்கு அது மூன்று வாரத்திலும் தேயவில்லை. அந்த வருடம் நவம்பரில் சார்ன்லி அதை நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார். உலகமெங்கும் மூட்டு மாற்று அறுவையில் இன்றும் அந்தப் பொருளின் வாரிசுகள்தான். என் அம்மாவின் இரண்டு முழங்காலிலும் இருப்பது அதுவே.

அதி உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் என்பது அதன் முழுப்பெயர். கடையில் கொடுக்கும் பையும் பாலிஎத்திலீன்தான். வேறுபாடு இழை நீளத்தில் இருக்கிறது. இதன் மூலக்கூறு எடை முப்பது லட்சத்திலிருந்து அறுபது லட்சம் வரை போகும். அத்தனை நீளச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடப்பதால், உரசும்போது ஒன்றைப் பிய்த்தெடுப்பது கடினம். 1936-லிருந்து நூல் நூற்கும் ராஜபாளையத்தில் இதை யாரும் உடனே புரிந்துகொள்வார்கள். குட்டை இழைப் பஞ்சு நூல் சட்டென்று பிரியும், நீள இழை பிரியாது. பனிச்சறுக்குப் பலகைகளின் அடிப்பாகமும் இதே பொருள்தான். ரோலர் கீப்பரின் தகட்டுக்கும் இதையோ இதன் உறவுக்காரப் பிளாஸ்டிக்கையோதான் தேடுகிறார்கள்.

ஆனாலும் ஐஸ் ஆகாது. இந்தப் பிளாஸ்டிக்கின் உராய்வுக் கெழு மழமழப்பான பரப்பிலேயே 0.1-லிருந்து 0.2 வரை. சொரசொரப்பான தரையில் இன்னும் ஏறும். போரிக் பவுடர் போட்ட கேரம் பலகைக்கும் பவுடர் போடாத பலகைக்கும் உள்ள தூரம் அது. ஐஸில் ஓர் உந்தில் ஆறடி போகிறவர் இங்கே பாதி வழியில் நிற்பார். அதனால் நல்ல ரோலர் கீப்பர் முழங்காலிடுவதைத் தள்ளிப்போடுகிறார். நின்றபடியே முன்கூட்டி இடம் பிடிக்கிறார், கடைசிக் கணத்தில் சறுக்குகிறார். வேகப் பந்தயக் காலணியில் 110 மில்லிமீட்டர் சக்கரம் என்றால், ஹாக்கி ஆட்டக்காரருக்கு 80-ஐ ஒட்டி. கீப்பருக்கு இன்னும் சிறியது, முழங்கால் தரைக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே. நிறுத்துவதும் வேறு. ஐஸில் அலகைக் குறுக்கே திருப்பிச் சீவினால் நின்றுவிடலாம். சக்கரம் சீவாது. நம் ஊர் வெயிலில் சுட்ட தரையில் அது இன்னும் இளகி அழுத்தமாகப் பிடிக்கும்.

சக்கரங்கள் ஒரே வரிசையில் இல்லாமல் இரண்டிரண்டாக இருக்கும் நான்கு சக்கரக் காலணியில் பந்து வைத்து ஆடும் ரோலர் ஹாக்கி தனி வம்சம். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அர்ஜென்டினாவும் அதில் பெரியவர்கள், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாகவும் இருந்தது. அங்கே கோல் சிறியது, 170 செண்டிமீட்டர் அகலம், 105 உயரம். கீப்பர் குத்துக்காலிட்டே பெரும்பாலும் ஆடுவார், காலணி முனையிலுள்ள ரப்பர்க் கட்டையை ஊன்றி நகர்வார். நம் நாட்டுத் தேசியப் போட்டிகளில் இரண்டு வகையும் உண்டு.

தமிழ்நாட்டில் சக்கரக் காலணி சிறு விஷயம் இல்லை. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலக வேகச் சறுக்குப் போட்டியில் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய பெண்கள் தொடர் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் இருந்தார்கள். ஐஸ் பக்கம் பார்த்தால், லடாக்கின் பெண்கள் உறைந்த குளங்களில் பழகி, 2025-ல் ஆசியக் கோப்பை வெண்கலம் வரை வந்துவிட்டார்கள். டேராடூனில் 2011-ல் கட்டிய ஐஸ் அரங்கம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து சமீபத்தில்தான் திறந்தது.

கீப்பர்களைப் பற்றி மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மாலை நேரத்தில் சிறுவர்கள் பழகும் தளங்களைப் பார்த்திருக்கிறேன். ஓடுகிற பிள்ளைக்குப் பெற்றோர் விலை பார்க்காமல் காலணி வாங்குவார்கள். வேகமாக ஓட வராதவனைப் பிடித்துக் கோலில் நிறுத்துவார்கள். அவனுக்குக் கிரிக்கெட் பேடு ஒரு ஜோடி, பல நாள் அதுவும் வேறு யாருடையதாவது. கிரிக்கெட் பேடு நின்று ஆடுகிறவருக்காகச் செய்தது. அதைக் கட்டிக்கொண்டு சிமெண்டில் முழங்காலிட்டுத் திருகினால், பேடு தரையோடு நிற்க முழங்கால் திரும்பும். நாற்பது வயதில் அதன் கணக்கை அந்தப் பிள்ளை தனியாகத்தான் தீர்க்க வேண்டும். ஓர் அணி வாங்கும் முதல் சாமான் கீப்பருடையதாக இருக்க வேண்டுமென்று நான் நினைக்கிறேன். வெளிநாட்டுச் சாமான்தான் வேண்டுமென்பதும் இல்லை. தகடு செய்யும் பிளாஸ்டிக் நம் நெசவு ஊர்களில் கிடைக்கிற சரக்கு.

அதைச் சோதித்தும் பார்த்தோம். மருமகளைச் சத்திரப்பட்டிக்குக் கூட்டிப்போனேன். பேண்டேஜ் துணி ஓடும் விசைத்தறியில் நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கரைக் காட்டினேன். ஒரு காலத்தில் எருமைத்தோலில் செய்தது, இப்போது வெள்ளைப் பிளாஸ்டிக். கழற்றி வைத்திருந்த பழையது ஒன்றைக் கையில் வாங்கி நகத்தைப் பதித்துப் பார்த்தாள். சார்ன்லியைப் பற்றி அதுவரை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

ராஜபாளையத்தில் உதிரிபாகக் கடையில் ஆறு மில்லிமீட்டர் தகடு வாங்கி, ஊர் ஆசாரியிடம் கொடுத்து நாலு துண்டு அறுத்து, விளிம்பை இழைத்து, துளை போட்டு, பேடில் வாரால் கட்டினோம். களத்தை மூன்று முறை பெருக்கினோம், ஒரு மணல் துகள் போதும் தகட்டைக் கீற. இந்த முறை இடப்பக்கம் பந்து வந்தது. முழங்காலிட்டு உந்தினாள். நெல்லைப் பலகையால் தள்ளுகிற மாதிரி ஒரு சத்தம். அடையாளத்துக்குப் பையன்கள் கரிக்கோடு போட்டு அளந்தார்கள், இரண்டே கால் அடி.

அவள் ஊருக்குப் போகும்போது பேடுகளைப் பெட்டியில் வைத்தாள், தகடுகளை வைக்கவில்லை. அவை களத்து ஓரத்தில் தென்னை மட்டைகளோடு இருக்கின்றன. மூன்றாம் வீட்டுப் பையன் பழைய கிரிக்கெட் பேடில் அவற்றைக் கயிற்றால் கட்டிப் பழகிக்கொண்டிருக்கிறான்.