மணம் மிகுந்த பருவமும் எடை குறைந்த கூடையும்

நுவரெலியாவின் 'சீசன்' என்றதும் எமது நாட்டவருக்கு ஏப்ரல் மாதமே நினைவுக்கு வருகின்றது. புத்தாண்டு விடுமுறை, விக்டோரியா பூங்காவின் மலர்கள், கிரகரி வாவியின் படகுகள், குதிரைப் பந்தயம், நகருக்குள் நுழைய முடியாமல் வரிசையாக நிற்கும் வாகனங்கள் என அந்தக் காட்சி எல்லோருக்கும் பழக்கமானது. ஆனால் அது மனிதர்கள் வகுத்துக் கொண்ட பருவம். மலைகளைப் போர்த்தியிருக்கும் தேயிலைக்கென இயற்கை வகுத்த பருவம் வேறு. ஐரோப்பாவில் இலையுதிர் காலம் தொடங்கியதும் திராட்சைத் தோட்டங்களைக் காண மக்கள் திரண்டு செல்கின்றனர். நிலம் தனது சிறந்த விளைவைத் தரும் வேளையில் அங்கு நிற்க வேண்டும் என்பதே அவர்களது எண்ணம். அத்தகைய ஒரு வேளை எமது மலையகத்துக்கும் உண்டு. அதனை அறிந்து செல்வோர் மிகச் சிலரே.

மலையகத்தின் உயர்ந்த மலைத்தொடர் இரு பருவப்பெயர்ச்சிக் காற்றுகளுக்கும் இடையில் ஒரு சுவர் போல நிற்கின்றது. வடகீழ் பருவப்பெயர்ச்சிக் காற்று கிழக்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குன்றிய நிலையில் மேற்கே இறங்குகின்றது. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை ஹற்றன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை ஆகியவற்றை உள்ளடக்கிய திம்புள்ள பிரதேசத்தில் பகலில் தெளிந்த வெயிலும் இரவில் கடுங்குளிரும் நிலவும். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் இது தலைகீழாகின்றது. மேற்குச் சரிவு மழையில் நனைய, ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வரண்ட காற்று வீசுகின்றது. மட்டக்களப்பு விவசாயி 'கச்சான்' என அழைக்கும் அதே காற்றுத்தான் ஊவாத் தோட்டங்களிலும் அதே பெயரால் அறியப்படுகின்றது.

இவ்வரட்சியில் தேயிலைச் செடியின் வளர்ச்சி தளர்கின்றது. கொழுந்து மெல்ல முளைக்கின்றது. இலையில் நீர் குறைந்து, மணம் தரும் பொருட்கள் செறிகின்றன. ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்குக் காரணமான பொருட்களுள் மெதைல் சலிசிலேற்று முக்கியமானது. உடல் வலிக்குப் பூசும் தைலங்களிலும் இதே பொருள் உண்டு. செடி வாடும்போது தேநீர் சிறக்கின்றது. இப்பருவத்துத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் கூடுதல் விலை கிடைப்பதும் இதனாலேயே. 1883 இல் ஆரம்பமான அந்த ஏலம் 2020 முதல் இணையவழியில் நடைபெறுகின்றது. ஈராக், துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம், ஈரான், லிபியா போன்ற முஸ்லிம் நாடுகள் எமது தேயிலையின் பெரும் கொள்வனவாளர்களாக நீண்டகாலமாக இருந்து வருகின்றன என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

திம்புள்ளையின் பருவத்தில் பயணம் செய்வோருக்கு இன்னொரு துணையும் உண்டு. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீடிக்கும் சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் அதே மாதங்களில் வருகின்றது. ஹற்றனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சென்று மலையேறும் மக்கள் இரவு பகலாக இவ்வீதியில் செல்வர். பௌத்தருக்குப் புத்தரின் பாதம், இந்துக்களுக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம் எனப் போற்றப்படும் அச்சிகரத்தை மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344 இல் தரிசித்தார். மலையேறுவோர் பற்றிக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகளைப் பற்றியும் தமது பயண நூலில் குறிப்பிட்டுள்ளார். தேயிலை வருவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே இம்மலைகள் தூரதேசத்தாரை அழைத்திருக்கின்றன.

ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில், தலவாக்கலைக்கு அருகே டெவோன், சென். கிளயர் ஆகிய நீர்வீழ்ச்சிகளைக் காணலாம். ஆயினும் 2012 இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கிய பின்னர் சென். கிளயரில் பழைய நீர்ப்பெருக்கு இல்லை. வழியில் பார்வையாளர்களை அனுமதிக்கும் தொழிற்சாலைகள் சில உள்ளன. தோட்ட மக்கள் 'இஸ்டோர்' என அழைக்கும் இக்கட்டடங்கள் பல மாடிகளாக உயர்ந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. மேல் தளங்களில் கொழுந்தைப் பரப்பிக் காற்றுச் செலுத்தி, பல மணித்தியாலங்கள் வாட விடுகின்றனர். பின்னர் அது கீழே இறங்கி, உருட்டப்பட்டு, காற்றுப்பட்டுச் செம்பு நிறமாக மாறி, சூட்டில் உலர்ந்து, சல்லடைகளில் தரம் பிரிக்கப்படுகின்றது. 1 கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்.

இந்த இடத்தில்தான் பயணி ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். மணம் செறியும் பருவம் கொழுந்து குறையும் பருவமும் ஆகும். அப்படியானால் கூடையைச் சுமப்பவரின் நிலை என்ன?

காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலைக்கு ஏறும் பெண், அன்றைய நாளுக்கென நிர்வாகம் விதித்த எடையைப் பறித்தால்தான் முழுப் பேர் பதியப்படும். குறைந்தால் 'அரைப் பேர்'. அதாவது அரைநாட் சம்பளம். விதிக்கப்படும் எடை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுகின்றது. வரட்சியில் ஒரே எடைக்கு இரு மடங்கு தூரம் நடக்க வேண்டியிருக்கும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவை அண்டிய தோட்டங்களில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிப் போவதும் உண்டு. ஏலத்தில் விலை ஏறும் அதே வாரங்களில் பறிப்பவரின் வருமானம் இறங்கும் இந்த முரண்பாட்டை எந்தச் சுற்றுலாக் கைநூலும் சொல்வதில்லை.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இலைநோய் கோப்பியை அழிக்க, கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்களின் உழைப்பே தேயிலையையும் மலைமீது ஏற்றியது. அம்மக்களில் பெரும்பாலானோர் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பலரை இந்தியாவுக்கு அனுப்பியது. எஞ்சியோரின் பிரச்சினையைத் தீர்ப்பதற்கான சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. 2024 இல் 1350 ரூபாவாக இருந்த அடிப்படை நாட்சம்பளத்தை 1550 ரூபாவாக உயர்த்தவும், அரசாங்கம் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபா வழங்கவும் 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. தொழிலாளர் கோரிய உயர்வு ஏட்டில் இடம்பெற்றாலும், அரைப் பேர் முறை நீடிக்கும் வரை அது கைக்கு முழுமையாக வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சுற்றுலாவின் வருமானம் இந்த இடைவெளியை நிரப்பக் கூடாதா என்பது நியாயமான கேள்வியே. கந்தப்பளையில் மூடப்பட்ட ஹெதர்செட் தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாக மாறியது. 2005 இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பழைய துரை பங்களாக்கள் சொகுசு விடுதிகளாயின. இவை பாழாகக் கிடந்திருக்கக் கூடிய கட்டடங்களைக் காத்தன; சிலருக்கு வேலையும் தந்தன. இதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் பங்களா விருந்தினர் இல்லமாக முடியும்; லயத்துக் காம்பரா முடியாது. காரணம் எளிது. 1970களில் அரசுடைமையாக்கப்பட்டு, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கையளிக்கப்பட்ட காணியில், தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு உறுதிப்பத்திரம் இல்லை. உறுதி இல்லாதவர் வங்கியில் கடன் பெற முடியாது. ஒரு அறையைத் திருத்திப் பயணிக்கு வாடகைக்கு விடவும் முடியாது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டங்கள் நகர்ந்தாலும் அதன் வேகம் போதாது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் கொண்டுவந்த மண்சரிவுகள், சரிவில் கட்டப்பட்ட குடியிருப்புகளில் வாழ்வதன் விலையை மீண்டும் ஒரு முறை காட்டிச் சென்றன.

ஆகவே அரசாங்கமும் கம்பனிகளும் செய்ய வேண்டியவை தெளிவானவை. வரட்சிக் காலத்தில் எடை விதிப்பைத் தளர்த்துவது, பாதுகாப்பான காணியை உறுதியுடன் வழங்குவது, தோட்ட இளைஞரை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து அங்கீகரிப்பது ஆகிய மூன்றும் முதற்படிகள். பிறந்த மலையின் ஒவ்வொரு குறுக்குப் பாதையையும் அறிந்தவனைவிடச் சிறந்த வழிகாட்டி யார்?

பயணிகள் செய்யக் கூடியவையும் உண்டு. நெரிசல் மிகுந்த ஏப்ரலை விடுத்து, மேற்குச் சரிவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும் ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் செல்லலாம். புறப்படுமுன் புகையிரதப் பாதையின் நிலையையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளையும் கேட்டறிவது அவசியம். தேயிலையை எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில் தயாரானது எனக் கேட்டு வாங்கலாம். உணவையும் மரக்கறியையும் தோட்டத்தை அண்டிய சிறு கடைகளிலேயே பெறலாம். வேலை செய்யும் பெண்ணைப் படம் பிடிக்குமுன் அனுமதி கேட்க வேண்டும். அவருடைய நேரம் எடையால் அளக்கப்படுகின்றது என்பதை மறக்கலாகாது. எமது தமிழ், முஸ்லிம் வாசகர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. வெளிநாட்டுப் பயணி சைகையால் பேசும் இடத்தில், "இன்று எத்தனை கிலோ அக்கா?" என்று நாம் தமிழிலேயே கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், கண்ணுக்கு விருந்தான பச்சை மலையின் மறுபக்கத்தையும் எமக்குக் காட்டிவிடும்.